போர்ச்சுகல் போனால் எந்தச் சிவப்பு வைன் வாங்கலாம்?

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் ‘டூரிகா நாசியோனல்’ என்றுதான் பதில் வரும். நல்ல திராட்சைதான், மறுக்கவில்லை. ஆனால் அது அந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். லிஸ்பன் பக்கம் போகிறீர்கள் என்றால் ரமிஸ்கோ என்ற திராட்சையில் செய்த வைனைக் கேட்டுப் பாருங்கள்.

லிஸ்பனில் வேலையில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை சிண்ட்ரா வரை ரயிலில் போய், அங்கிருந்து கடற்கரைக்கு இறங்கும் பழைய டிராமில், ரமிஸ்கோ விளையும் கொலாரெஸ் என்ற ஊருக்குப் போனேன். திராட்சைத் தோட்டம் என்றதும் பந்தலைத் தேடினேன். அங்கே கொடிகள் பூசணிக்கொடி மாதிரி மணலில் படர்ந்து கிடந்தன. அட்லாண்டிக் காற்றுக்குத் தடுப்பாக நாணல் தட்டி. வெயிலில் மணல் சுட்டுப் பழம் வெந்துபோகாமல் இருக்க, கொடிக்கு அடியில் சின்னச் சின்னக் கொம்புகளை முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

அந்த மணல்தான் ரமிஸ்கோவைக் காப்பாற்றியது. 1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபில்லாக்ஸெரா என்ற பூச்சி, வேரைத் தாக்கி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்துக்கொண்டே போனது. மற்ற ஊர்க்காரர்கள் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். மணலுக்குள் அந்தப் பூச்சியால் பிழைக்க முடியவில்லை. அதனால் ரமிஸ்கோ இன்றும் சொந்த வேரில் நிற்கிறது.

சும்மா வந்துவிடவில்லை இது. கொடியின் வேர் அடியிலுள்ள களிமண்ணைப் பிடிக்க வேண்டும் என்பதால், மணலை ஆளுயரத்துக்கும் மேல் தோண்டித்தான் நடுவார்கள். குழி சரிந்து ஆள் புதைந்துபோனால்? அந்தக் காலத்தில் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு தோண்டியிருக்கிறார்கள், மேலே இருப்பவர்கள் இழுத்துப் போடும்வரை கூடைக்குள் மூச்சுவிட இடம் இருக்குமே என்று! இதைக் கேட்டபிறகு பாட்டில் விலையைப் பற்றி முணுமுணுக்க எனக்கு வாய் வரவில்லை.

1908இலேயே தனி வைன் பகுதியாக வரையறுக்கப்பட்ட ஊர் இது. அப்புறம் லிஸ்பன்காரர்களுக்குக் கடற்கரை வீட்டு ஆசை வந்தது. தோட்டம் பலவும் மனையாகிவிட்டது. மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

சரி, ருசி? முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை. இளசான ரமிஸ்கோ வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்தது போல நாக்கை இழுக்கும், புளிப்பும் தூக்கல். பத்து வருடமாவது ஆன பாட்டிலாகப் பார்த்து வாங்குங்கள். நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்பு அடங்கியிருக்கும், லேசாக ஒரு உப்பு வாடை வரும். 1931இல் தொடங்கிய கொலாரெஸ் கூட்டுறவுச் சங்கத்தில் அரை லிட்டர் பாட்டிலும் உண்டு. பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றிவைக்க அதுதான் வசதி.