பழைய அமெரிக்க நாணயங்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, அமெரிக்காவிலிருந்து அக்கா 1921ஆம் வருட வெள்ளி டாலர் ஒன்று கொண்டுவந்தார். நூறு வயசு தாண்டிய காசு. லட்சத்துக்குப் போகுமா?

பதில்: பின்பக்கம் பாருங்கள் தம்பி. கழுகு சிறகை விரித்திருந்தால் அது மார்கன் டாலர். அந்த ஒரே வருடத்தில் எட்டுக் கோடிக்கு மேல் அடித்தார்கள், அதனால் வயசை வைத்து விலை ஏறாது. 26.73 கிராம் எடையில் 90 சதவீதம் வெள்ளி, அந்த மதிப்பு எப்போதும் உண்டு. கழுகு பாறைமேல் உட்கார்ந்திருந்தால் பீஸ் டாலர். 1921இல் அது பத்து லட்சத்துக்குச் சற்று மேல்தான் வந்தது. நல்ல நிலையில் இருந்தால் கூடுதல் விலை கிடைக்கும்.

கேள்வி: சார், என் காசு கறுத்துக் கிடக்கிறது. புளி போட்டுத் தேய்த்துவிட்டு விற்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, விபூதி, பற்பொடி எதுவும் கூடாது. குத்துவிளக்குக்குப் பளபளப்பு அழகு. நாணயத்துக்கு அதன் பழைய மேனிதான் அழகு. தேய்த்த கீறல்கள் லென்ஸில் பளிச்சென்று தெரியும், விலை பாதியாகக்கூட விழும். போன மேனியைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள், பிவிசி உறையில் போடாதீர்கள், அது பச்சை பிடிக்க வைக்கும்.

கேள்வி: காசு எந்த ஊர் நாணயச்சாலையில் அடித்தது என்று காட்ட 'எஸ்', 'சிசி' என்ற குறி இருக்கும் என்கிறார்களே, எங்கே பார்ப்பது?

பதில்: மார்கனில் பின்பக்க மாலைக்குக் கீழே. 'எஸ்' சான் பிரான்சிஸ்கோ, 'சிசி' நெவாடாவின் கார்சன் சிட்டி. 1881இன் 'எஸ்' ஒரு கோடிக்கு மேல் அடித்தது, எங்கும் கிடைக்கும். 1893இன் 'எஸ்' வெறும் ஒரு லட்சம். தேய்ந்துபோனதுகூட ஆயிரக்கணக்கான டாலர். அதனாலேயே பிலடெல்பியாவில் அடித்த குறியில்லாத காசில் 'எஸ்' ஒட்டி விற்கிறார்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரநிர்ணய நிறுவனம் சீல் வைத்ததாக இல்லாமல் இதை வாங்காதீர்கள்.

கேள்வி: அச்சடித்த எண்ணிக்கை குறைவென்றால் அரிது என்றுதானே அர்த்தம்?

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் 1918ஆம் வருடப் பிட்மன் சட்டப்படி 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கினார்கள். பெரும்பகுதி எங்கே போனது தெரியுமா? நம் இந்தியாவுக்கு! போர்க்காலத்தில் ஜனங்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்க, பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவிடம் வெள்ளி வாங்கியது. எந்த வருடக் காசு எத்தனை உருகியது என்ற கணக்கு யாரிடமும் இல்லை. இதற்கு நேரெதிராகவும் நடந்திருக்கிறது: நியூ ஆர்லியன்ஸின் 1903ஆம் வருட டாலர் மிக அரிது என்றே நம்பியிருந்தார்கள். 1962இல் அரசுக் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக வெளியே வந்ததும் விலை சடசடவென்று சரிந்தது.

கேள்வி: 1943ஆம் வருட ஒரு சென்ட், செம்பு நிறம். கோடீஸ்வரி ஆகிவிட்டேனா?

பதில்: முதலில் காந்தம் வையுங்கள் அம்மா. போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த வருடம் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். ஒட்டினால் செம்பு முலாம் பூசியது. ஒட்டாவிட்டாலும் கடைசி எண்ணை உற்றுப் பாருங்கள், 1948இன் எட்டைச் செதுக்கி மூன்றாக்கியிருக்கலாம். அதையும் தாண்டி எடை 3.11 கிராம் வந்தால், தரநிர்ணயத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: 1776–1976 என்று போட்ட கால் டாலர்?

பதில்: சாதாரணப் புழக்கக் காசென்றால் அதன் மதிப்பு 25 சென்ட்தான்.