சின்னக் கலைக்குழு வலைப்பூ எழுதினால் ஆள் வருமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: சிறு நகரத்தில் நாடகக் குழு நடத்துகிறீர்கள், பார்க்க வருவதெல்லாம் தெரிந்த முகங்கள்தான், வலைப்பூ தொடங்கினால் புது ஆட்கள் வருவார்களா, இல்லை ரீல்ஸ் மட்டும் போட்டால் போதுமா. ஏற்கெனவே பதில் சொன்னவர்கள் "வலைப்பூவெல்லாம் செத்து ரொம்ப நாளாச்சு" என்று முடித்துவிட்டார்கள். அதைப் படித்ததும் பேசாமல் போக மனசு வரவில்லை. எங்கள் குழுவுக்கு வெளியூர் ஆட்கள் வர ஆரம்பித்ததே எழுதியதால்தான்.

நான் வேஷம் கட்டுகிறவன் இல்லை. செய்யாறு பக்கம் என் பெரியப்பா தெருக்கூத்துக் குழு வைத்திருக்கிறார், வாத்தியார் அவர்தான். நான் காஞ்சிபுரத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். குழுவுக்கு வேன் பேசுவது, தேதி குறித்துக்கொள்வது, எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

பெரும்பாலான குழுக்கள் வலைப்பூவில் போடுவது அறிவிப்பு மட்டும்தான். தேதி, இடம், "அனைவரும் வருக", அப்புறம் நிகழ்ச்சி முடிந்ததும் பொன்னாடை போர்த்தும் படம். அந்த வேலையை ஒரு நோட்டீஸே செய்துவிடும். வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற ஆளுக்கு அதில் ஒன்றுமே இல்லை. அவர் உங்கள் கலையை மதிக்காமல் வராமல் இருக்கவில்லை, எப்படி வருவது என்று தெரியாமல்தான் வராமல் இருக்கிறார். என் பதில் முழுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

எங்கள் வலைப்பூவில் அதிகம் பேர் படித்தது கலையின் வரலாறு பற்றிய கட்டுரை இல்லை. முதல்முறை ராத்திரிக் கூத்துக்கு வருகிறவருக்கு என்று எழுதிய பதிவுதான். அதில் என்ன இருந்தது என்றால், ஊருக்குக் கடைசி பஸ் எப்போது, கூத்து பத்து மணிக்கு மேல்தான் தொடங்கும், விடிகிற வரை நடக்கும், அதனால் திரும்புவதற்கு முதல் பஸ் கிடைத்துவிடும். டிக்கெட் கிடையாது, செலவு ஊர்க்காரர்களுடையது. பாயோ பழைய போர்வையோ கொண்டுவந்து தரையில் விரித்துக்கொள்ளலாம். பெண்கள் எந்தப் பக்கம் உட்காருவார்கள், கழிப்பறைக்கு யார் வீட்டில் கேட்கலாம். நடுவில் தூக்கம் வந்தால் அங்கேயே படுக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், முகவீணை (நாதஸ்வரம் மாதிரி ஊதுகிற சின்னக் கருவி) சத்தம் ஏறும்போது தானாக விழிப்பு வரும். கதையை நடத்திக்கொண்டே கோமாளியாகவும் வருகிற கட்டியங்காரன் உங்களைப் பார்த்து ஏதாவது கிண்டல் செய்தால் சிரித்துவிட்டு நீங்களும் பதில் சொல்லலாம். பணம் கொடுத்தால் பெயரைச் சொல்லி அறிவிப்பார், பெயர் வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான் பதிவு.

அதைப் படித்துவிட்டுச் சென்னையில் வங்கி வேலையில் இருக்கும் ஒரு அம்மா, கல்லூரியில் படிக்கும் மகளோடு 'அர்ச்சுனன் தபசு' பார்க்க வந்தார். பெரியப்பாவிடம், "ஐயா, ரொம்ப வருஷமா ஆசை. ராத்திரியில பொம்பளைங்க ரெண்டு பேர் எங்க போய் உட்கார்றதுன்னு யாரைக் கேக்கறதுன்னே தெரியல" என்றார். பெரியப்பா, "இதுக்கா தயங்கினீங்க? இங்க பாதிக்கு மேல பொம்பளைங்கதாம்மா" என்றார். தபசு மரத்தில் அர்ச்சுனன் ஏறி எலுமிச்சம்பழம் வீசும்போது ஒரு பழம் அந்த மகள் கைக்கே வந்தது. அடுத்த பருவத்தில் அவள் தோழிகளை அழைத்துக்கொண்டு வந்தாள். ரீல்ஸில் இந்தத் தயக்கத்தை எப்படித் தீர்ப்பீர்கள்? நான் ரீல்ஸுக்கு எதிரி இல்லை, அதையும் போடுகிறோம். ஆனால் அரை நிமிஷ அடவைப் பார்த்து "சூப்பர்" போடுகிறவர் வேறு, பஸ் ஏறி வருகிறவர் வேறு.

இன்னொரு வகைப் பதிவும் வேலை செய்தது. மேடைக்குப் பின்னால் நடப்பதை எழுதுவது. பாஞ்சாலி துகிலுரிதல் அன்று எங்கள் குழுவில் துச்சாதனன் கட்டுகிறவர் காலையிலிருந்து விரதம். அரிதாரம் குழைத்து முகம் எழுதி, புஜக்கட்டையும் மார்புக் கட்டையும் கட்டி, கிரீடம் வைப்பதற்கு முன்னால் எழுந்து போய், திரௌபதி அம்மன் இருக்கும் திசை பார்த்துக் கற்பூரம் ஏற்றி மன்னிப்புக் கேட்பார். அப்புறம் வந்துதான் கிரீடம். ஆட்டத்தில் சேலையில் கை வைக்கும் நேரத்திலும் கற்பூரம் எரியும், முன்வரிசையில் இருக்கும் பாட்டிகள் கும்பிட்டு எழுந்து நிற்பார்கள். இதை எழுதியபோது குழுவில் மூத்தவர்கள் சிலர், "மறைவா செய்யறதை ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்றார்கள். நியாயமான கேள்வி. அதனால் துச்சாதனன் கட்டுகிறவரிடமே முழுசாகப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டுத்தான் போட்டேன். கலைஞருக்குப் படித்துக் காட்டாமல் அவரைப் பற்றி எழுதக்கூடாது, இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

அந்தப் பதிவைப் படித்த ஒருவர், தன் தாத்தா கட்டியங்காரன் கட்டியவர் என்று சொல்லி, அவர் கையெழுத்தில் இருந்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பினார். அதில் துரியோதனனுக்கு ஒரு திரை விருத்தம், அதாவது வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கும்போது பாடுகிற பாட்டு. பெரியப்பா சின்ன வயதில் கேட்டது, பாதிதான் நினைவில் இருந்தது. இப்போது முழுசாகப் பாடுகிறோம்.

சொந்தக் குழுவுக்கு விளம்பரம் தேடுகிறான் என்று யாராவது வருவார்கள், அதனால்தான் குழுவின் பெயரையே நான் எழுதவில்லை. பெரிய இடங்களும் இப்படி வேலையைத் திறந்து காட்டித்தான் எழுதுகின்றன. லண்டனில் பிரிட்டிஷ் நூலகம் 2013ல் தன் வலைப்பூவில் ஒரு பதிவு போட்டது. இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளின் ஓரங்களில் போர்வீரன் நத்தையோடு சண்டை போடுகிற மாதிரி ஏன் அத்தனை படங்கள் என்று. அறிஞர்கள் சொன்ன விளக்கங்களை வைத்துவிட்டு, விடையை முடிக்காமல் விட்டார்கள். உலகம் முழுக்கப் பரவியது. ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் 2019ல் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தைக் கண்ணாடி அறைக்குள் வைத்து, மக்கள் பார்க்கப் பார்க்கவே ஆராய ஆரம்பித்தது, நடக்கிற வேலையைத் தளத்திலும் அவ்வப்போது சொன்னது. அவர்களிடம் ஆளும் பணமும் இருக்கிறது, நம்மிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்னும் முடிக்காத வேலையைத் திறந்து காட்டுவதற்குக் காசு வேண்டாமே.

இதை இங்கே சொல்லலாமா தெரியவில்லை, சொல்லிவிடுகிறேன். நகரத்தில் ஒரு கலைவிழாவுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். விடிய விடிய ஆடுகிற கூத்தை இருபது நிமிஷத்தில் முடிக்கச் சொன்னார்கள். முகம் எழுதவே அதைவிட அதிக நேரம் ஆகும். அழைப்பிதழில் "கிராமியக் கலைகள்" என்று ஒற்றை வரி. பாடகர், நடனமணி எல்லோருக்கும் பெயர், எங்களுக்கு மட்டும் குழுப் பெயர்கூடக் கிடையாது. பின்னால் அச்சடித்த பளபளப்பான மலரில் எங்கள் வலைப்பூவில் இருந்த படம், எடுத்தவர் பெயர் இல்லை, வேஷம் கட்டியவர் பெயரும் இல்லை. பேசிய தொகை வர மாதக்கணக்கில் அலையவிட்டார்கள். மேடையில் மட்டும் "நம் மண்ணின் கலை" என்று பேசினார்கள். முகவீணை வாசிக்கிறவர் அன்றைக்கு ஒரு நாள் கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர். அன்றிலிருந்து ஒவ்வொரு பதிவின் அடியிலும் அன்றைக்கு ஆடியவர், பாடியவர், வாசித்தவர், திரை பிடித்தவர் என்று எல்லார் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு போடுகிறேன். எங்கள் பெயர் எங்கள் இடத்திலாவது இருக்கட்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாராவாரம் எழுத வேண்டும் என்று கட்டாயம் வைத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்குப் பங்குனியிலிருந்து ஆடி வரை மூச்சுவிட நேரம் கிடையாது, அப்போது நான் குறிப்பு மட்டும் எடுத்துவைப்பேன், ஆட்டம் இல்லாத மாதங்களில் எழுதுவேன். முதல் பதிவாக உங்கள் அரங்குக்கு வருவது எப்படி என்று எழுதுங்கள். பேருந்து நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம், குழந்தையைக் கூட்டிவரலாமா, தாமதமாக வந்தால் உள்ளே விடுவீர்களா, எத்தனை மணிக்கு முடியும். அப்புறம் ஒத்திகையில் தீராமல் கிடக்கிற ஒரு சிக்கலை எழுதி, பார்ப்பவர்களிடமே கேளுங்கள். பின்னூட்டம் போட்டவருக்கு அன்றே பதில் போடுங்கள், வந்து நிற்கும்போது அந்தப் பெயரைச் சொல்லி வரவேற்றால் அவர் மறுபடி வருவார்.

ஒன்றை மறக்காதீர்கள். எழுதியதற்கும் படங்களுக்கும் ஒரு பிரதி உங்கள் கணினியில் இருக்கட்டும். 2004ல் தொடங்கித் தமிழ் வலைப்பூக்களையெல்லாம் திரட்டிக் கொடுத்த தமிழ்மணம் இன்று அந்த நிலையில் இல்லை. பல வருடங்களாக அமைப்புகள் நம்பியிருந்த டைப்பேட் என்கிற வலைப்பூச் சேவை 2025 செப்டம்பரோடு மூடிவிட்டது. நான் ஒவ்வொரு பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டுப் பெரியப்பாவின் வேஷப் பெட்டியிலும் ஒன்று வைத்துவிடுவேன்.