தபால் மூட்டையும் வேவு விமானமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆந்திஸ் மலையில் விமானம் கவிழ்ந்து, பனியில் நாட்கணக்கில் நடந்தே உயிர் தப்பிய பிரெஞ்சு விமானி கியோமே பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் ஓட்டிய பொதேஸ் 25 ஒரு ராணுவ வேவு விமானம் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது. தபால் கம்பெனிக்கு எதற்கு ராணுவ விமானம்? வேவு பார்ப்பது மட்டும்தான் வேலை என்றால் அது ஆயுதம் இல்லாத விமானம்தானே?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு ஒரே பதில், உயரம். கியோமே வேலை பார்த்த தபால் விமான கம்பெனியான ஏரோபோஸ்தால் முதலில் தன் வழக்கமான லாத்தேகோயர் விமானத்தைத்தான் ஆந்திஸில் ஓட்டிப் பார்த்தது. 1929 மார்ச்சில் அந்தக் கம்பெனியின் விமானி மெர்மோஸும் மெக்கானிக் கொலெனோவும் அதில் போய், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் ஒரு பாறைமேட்டில் மாட்டிக்கொண்டார்கள். கிடைத்ததை வைத்து ஒட்டுப்போட்டு, விமானத்தைப் பள்ளத்தை நோக்கி உருட்டிவிட்டு, விழுகிற வேகத்திலேயே பறந்து தப்பினார்கள். துணிச்சல் சரி, வாராவாரம் அப்படித் தபால் கொண்டுபோக முடியுமா? அதே ஆண்டு ஜூலையில் மெர்மோஸும் கியோமேயும் ஆந்திஸைக் கடக்கும் தபால் தடத்தைத் திறந்தபோது கையில் இருந்தது பொதேஸ் 25.

ராணுவம் கேட்டதெல்லாம் மலைக்கும் பொருந்திப்போயின. தரையிலிருந்து சுடுகிறவனுக்கு எட்டாத உயரத்தில் பறக்க வேண்டும், கரடுமுரடான திடலிலும் இறங்க வேண்டும். மேல் இறக்கை நீளம், கீழ் இறக்கை குட்டை. மூக்கில் 450 குதிரைத்திறன் லொரேன் எஞ்சின். முன்னால் விமானி, பின்னால் வேவு பார்ப்பவர். அந்தப் பின்னிருக்கைக்காரரை இறக்கிவிட்டால் தபாலுக்கு இடம் வந்துவிடும். 1930 ஜூன் 13 அன்று பனிப்புயல் கியோமேயை ஆந்திஸில் உள்ள தியாமாந்தே ஏரிக்கரையில் இறக்கிவிட்டதற்கு விமானத்தைக் குறை சொல்ல மாட்டேன். கவிழ்ந்த பிறகும் அதன் அடியில்தான், தபால் மூட்டைகளை அண்டைகொடுத்து, புயல் அடங்கும்வரை கிடந்தார்.

இரண்டாவது கேள்விக்கு, இல்லை. முன்னால் ஒரு விக்கர்ஸ் துப்பாக்கி, பின்னிருக்கையில் லூயிஸ் துப்பாக்கிகள், இறக்கைக்குக் கீழே சுமார் 200 கிலோ வரை குண்டு. அதிகம் தயாரான வகையே பிரெஞ்சுக் காலனிகளுக்கென்று செய்யப்பட்டதுதான். எதிரியிடம் விமானம் இல்லாத இடத்தில் வேவு விமானம், குண்டுவீச்சு விமானம் என்று தனித்தனியாக எதற்கு? காலையில் படம் எடுத்த அதே விமானம் மதியம் குண்டோடு போகும்.

வாங்கியவர்களும் பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமல்ல. எத்தியோப்பியாவில் தஃபாரி (பின்னாளில் பேரரசர் ஹைலே செலாசி) பொதேஸ் 25 வாங்கியிருந்தார். 1930 மார்ச்சில் ராஸ் (பிரபு) குக்ஸா வெல்லே அவருக்கு எதிராகப் படை திரட்டியபோது, விமானத்திலிருந்து முதலில் விழுந்தவை துண்டுப்பிரசுரங்கள். 'கலகக்காரனோடு சேர்ந்தால் திருச்சபையின் சாபம்' என்று அச்சடித்திருந்தார்கள். மார்ச் 31 அன்று அஞ்சேம் போரில் குண்டுகள் விழுந்தன. படை சிதறியது, குக்ஸா களத்திலேயே இறந்தார். அந்த விமானத்தை ஓட்டியவர் மையே என்கிற பிரெஞ்சுக்காரர்.