போமாண்ட் என்னும் குடும்பப் பெயர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, போமாண்ட் என்பது ஆங்கிலப் பெயரா, பிரெஞ்சுப் பெயரா?

பதில்: பிறந்த மண் பிரான்சு, 'அழகிய குன்று' என்பது பொருள். எழுத்துகள் மாறவில்லை, ஒலிதான் மாறியது: பிரெஞ்சுக்காரர் இறுதி எழுத்தை விழுங்கிப் 'போமோன்' என்பர், ஆங்கிலேயர் 'போமாண்ட்' என்பர், கம்ப்ரியாவில் இதே பெயருள்ள சிற்றூரை அவ்வூரார் 'பீமண்ட்' என்கின்றனர்.

கேள்வி: இங்கிலாந்துக்கு எப்படி வந்தது?

பதில்: வட பிரான்சின் நார்மண்டியில் ரீல் ஆற்றங்கரையில் உள்ள போமோன்-லெ-ரோஜே என்ற ஊரை ஆண்ட ரோஜே பிரபுவின் மகன் ராபர்ட், 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்ற வந்த நார்மண்டிக் கோமகன் வில்லியமின் பக்கம் நின்று ஹேஸ்டிங்ஸ் போரில் போரிட்டார், பின்னர் 1107இல் லெஸ்டரின் ஏர்ல் (பிரபுப் பட்டங்களுள் ஒன்று) ஆனார். 1104இல் அவருக்குப் பிறந்த இரட்டையரில் வலெரான் பிரான்சு நிலங்களையும், ராபர்ட் ஆங்கில நிலங்களையும் பெற்றதால், ஆங்கிலக் கால்வாய் என்னும் கடலின் இரு கரைகளிலும் ஒரே குடும்பம் கிளைத்தது.

கேள்வி: அப்படியானால் போமாண்ட்கள் அனைவரும் ஹேஸ்டிங்ஸில் போரிட்ட அந்த ராபர்ட்டின் வழிவந்தவர்கள்தாமே? என் நண்பர் குடும்பத்தார் அப்படித்தான் சொல்லிக்கொள்கின்றனர்.

பதில்: அன்புகூர்ந்து அந்த முடிவுக்கு விரைய வேண்டாம். லெஸ்டர் கிளையில் ஆண் வாரிசு 1204இல் அற்றுப்போயிற்று. 1440இல் இங்கிலாந்தின் முதல் விஸ்கவுண்ட் என்னும் பிரபுப் பட்டத்தைப் பெற்ற ஜான் போமாண்ட் வேறு வம்சத்தவர்: பிரியேன் குடும்பத்து லூயி, பிரான்சின் மேன் பகுதியிலிருந்த இன்னொரு போமோனின் வாரிசான ஆக்னெஸை மணந்தார், அவர்களுடைய பிள்ளைகள் தாயின் பெயரையே சூடிக்கொண்டனர், அவர்களின் வழியில்தான் ஜான் வருகிறார். தந்தை வழியை மட்டும் தேடிச் செல்பவர் இங்கே வழிதவறிவிடுவார்.

கேள்வி: இங்கிலாந்திலேயே போமாண்ட் என்று ஊர்கள் உண்டே?

பதில்: உண்டு; எசெக்ஸில் உள்ள ஊரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் அதன் பெயர் 'நாற்றக் குழி' எனப் பொருள்படும் ஃபுலெபெட். அடுத்த நூற்றாண்டில் அது 'அழகிய குன்று' என்று மாற்றப்பட்டது. இத்தகைய ஊர்களிலிருந்து குடிபெயர்ந்த உழவரும் தொழிலாளரும்கூட ஊர்ப்பெயரால் அறியப்பட்டிருக்கலாம். அவர்களுக்கு நார்மன் பிரபுவின் இரத்தம் வேண்டியதில்லை.

கேள்வி: நண்பர் எங்கிருந்து தேடத் தொடங்கலாம்?

பதில்: பிரபுவிலிருந்து கீழே இறங்காமல், தாத்தாவிலிருந்து மேலே ஏறட்டும். இங்கிலாந்தில் 1538 முதலும், பிரான்சில் 1539 முதலும் ஞானஸ்நானங்களைத் தேவாலயங்கள் பதிந்துவைக்க வேண்டுமென அரசாணைகள் உண்டு. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார் என்பதால், பீமண்ட், பெல்மாண்ட் போன்ற வடிவங்களையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள்.