தட்டாத இடத்துல தட்டு கேக்குது, காது கோளாறா?

சகோதரி, உங்க லெட்டர் கிடைச்சுது. மகள் தினமும் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1972-ல எழுதின 'கிளாப்பிங் மியூசிக்' போட்டுக் கேக்குறா, ரெண்டு பேர் கைதட்டுறத தவிர அதுல ஒண்ணுமே இல்ல, கேட்டுட்டே இருந்தா யாரும் தட்டாத இடத்துலயும் எனக்கு ஒரு தட்டு கேக்குது, ஈஎன்டி டாக்டர பாக்கணுமான்னு கேட்டிருக்கீங்க.

இதுக்கு டாக்டர் வேண்டாம்மா. சீரா ஒரு தாளம் ஓடுச்சுன்னா அடுத்த தட்டு எப்ப வரும்னு மூளை முன்கூட்டியே காத்திருக்கும், அந்த நேரத்துல சத்தம் வரலன்னாலும் மூளையில ஒரு அசைவு இருக்கும், மூளையோட மின் அலைய அளக்குற ஈஈஜி எடுத்துப் பாத்தவங்க இத பதிவு பண்ணியிருக்காங்க. பேட்டரி கடிகாரம் ஒரே மாதிரிதான் சத்தம் போடுது, நாமதான் டிக், டாக்னு ரெண்டா பிரிச்சுக் கேக்குறோம். கர்நாடக சங்கீதத்துல ஆதி தாளம் போடுறப்போ கைய திருப்பிக் காட்டுற வீச்சுக்கு சத்தமே கிடையாது, அதுக்காக அந்த அட்சரம், அதாவது அந்த எண்ணிக்கை, இல்லன்னு யாராவது சொல்வாங்களா?

இந்த பீஸோட கணக்கு எனக்கு ரொம்ப பிடிக்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். மொத்தம் 12 எண்ணிக்கை, அதுல 8 தட்டு, 4 மௌனம். தட்டு மூணு, விடு, தட்டு ரெண்டு, விடு, தட்டு ஒண்ணு, விடு, தட்டு ரெண்டு, விடு, அவ்வளவுதான். முதல்ல ரெண்டு பேரும் சேந்து தட்டுவாங்க, அப்புறம் ஒருத்தர் மட்டும் ஒரு எண்ணிக்கை முன்னாடி நகந்துடுவார். உடனே அந்த நாலு மௌனமும் காணாம போயிடும், ஏன்னா இவர் விடுற ஒவ்வொரு இடத்துலயும் அவர் தட்டுறார். ரெண்டு பேர் தட்டும் ஒண்ணா விழுற 1, 2, 5, 10 மட்டும் சத்தமா கேக்கும், யாரும் ஓங்கித் தட்டாமலே ஒரு புது தாளம் வந்துடும். இன்னொரு தடவ நகந்தா 7-வது எண்ணிக்கையில மட்டும் ஒரே ஒரு மௌனம் வரும் பாருங்க, அவ்வளவு நேரம் இடைவெளியே இல்லாம கேட்ட காதுக்கு அது எல்லா தட்டையும் விட பெருசா கேக்கும். இப்படி 12 தடவ நகந்தா மறுபடி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடுவாங்க.

ஒரு நாள் மகளோட உக்காந்து மெதுவா தட்டிப் பாருங்க. அவ நகரட்டும், நீங்க வாய்விட்டு 12 வரைக்கும் எண்ணிக்கிட்டே அதே இடத்துல நில்லுங்க, அதுதான் கஷ்டம், கை தானா அவ பக்கம் ஓடும்.

பாட்ட நிறுத்தி ரொம்ப நேரம் ஆனப்புறமும் சத்தம் விடாம கேட்டா மட்டும் டாக்டர பாத்துடுங்க.