கரண்ட் பில் ஏறினதுக்கு யார் காரணம்: அண்ணாவா, டொலரா?

கேள்வி: எங்கள் வீட்டில் மாதம் 75 யூனிற் போகும், பில் 1,500 ரூபாய்க்குள் நிற்கும். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவில் இருந்து அண்ணா குடும்பம் வந்து ஒரு மாதம் நின்றார்கள். அந்த மாதம் 190 யூனிற், பில் 7,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. மீற்றரில் பிழை இருக்குமா? (வாசகி, கொக்குவில்)

பதில்: மீற்றர் பாவம், அதை விடுங்கள். யூனிற் இரண்டரை மடங்குதானே, பில் எப்படி ஐந்து மடங்காகும் என்றுதான் உங்களுக்கு மண்டை காய்கிறது. கடையில் சீனி வாங்குவதுபோல் கிலோ இவ்வளவு என்ற கணக்கு இங்கே இல்லை. 60, 90, 120, 180 என்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படி ஏறும்போதும் அதற்கு மேலே போகிற யூனிற்றின் விலை கூடும், அத்தோடு மாதாந்த நிலையான கட்டணமும் நீங்கள் தொட்ட கடைசிப் படிக்கு உரியதாக மாறிவிடும். நீங்கள் 180ஐயும் தாண்டி உச்சிப் படியில் போய் நின்றிருக்கிறீர்கள். அண்ணா குடும்பத்துக்காகச் சின்ன ஏசி ஒன்று இரவு எட்டு மணித்தியாலம் ஓடினால் 4, 5 யூனிற் எடுக்கும். திருவிழாவோ 25 நாள். பெருக்கிப் பாருங்கள், அண்ணாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதைவிட முக்கியமான படி 60. அதற்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு தனிக் கணக்கு. 61 ஆனவுடன் முதலாவது யூனிற்றில் இருந்தே கூடின விலை போடுவார்கள், நிலையான கட்டணமும் ஏறும். அந்த ஒற்றை யூனிற்றால் பில் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது! அதனால் வழக்கமான 75ஐ 60க்கு இறக்கப் பாருங்கள், பில் பாதிக்கும் கீழே வரும்.

15 யூனிற்றை எங்கே போய்த் தேடுவது? முதலில் கிணற்றடிக்குப் போங்கள். எங்கள் வீட்டுத் தண்ணித் தாங்கி முன்பு கால் மணித்தியாலத்தில் நிரம்பும், பிறகு பார்த்தால் நாற்பது நிமிடம் மோட்டர் கத்திக்கொண்டே நிற்கும், நாங்களும் கோடை, கிணற்றில் தண்ணி இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு இருந்தோம். கடைசியில் குழாயைத் தூக்கிப் பார்த்தால் அடி நுனியில் தண்ணியை இறங்க விடாமல் பிடிக்கிற புட் வால்வின் வாஷர் தேய்ந்து, மோட்டர் நிற்கிற நேரமெல்லாம் ஏறின தண்ணி திரும்பக் கிணற்றுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. வாஷரை மாற்றினோம், மாதம் 10 யூனிற்றுக்குக் கிட்டக் குறைந்தது. அப்புறம் பிரிட்ஜின் கதவு ரப்பரையும் ஒருக்கால் பாருங்கள்.

கேள்வி: பளையில் காற்றாலை சுத்துகிறது, மன்னாரிலும் சுத்துகிறது. காற்று எங்களுடையது, பில்லை ஏன் குறைக்கிறார்கள் இல்லை? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: பஸ்ஸில் பளையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கும் இதே யோசனைதான். ஆனால் அந்த மின்சாரம் நாடு முழுவதற்குமான ஒரே வலையமைப்புக்குள் போகிறது, கட்டணமும் கொழும்பில் என்னவோ அதுவேதான் இங்கேயும். இதில் எங்களுக்கு இலாபமும் உண்டு. டீசல் ஜெனரேற்றரில் எடுக்கிற மின்சாரம் எவ்வளவு செலவு என்று யோசித்துப் பாருங்கள். நெடுந்தீவு பல வருடம் அதில்தான் ஓடியது, அங்கே உண்மையான செலவை வாங்கினால் யாரும் லைற் போட மாட்டார்கள்.

மன்னார்த் தம்பபவனி காற்றாலை 103.5 மெகாவாற், நுரைச்சோலை நிலக்கரி நிலையம் 900 மெகாவாற். அந்த நிலக்கரி கப்பலில் வருகிறது, விலை டொலரில். மலைநாட்டில் மழை பெய்து நீர்த்தேக்கங்கள் நிரம்பினால் மலிவு மின்சாரம், பெய்யாவிட்டால் எண்ணெய் எரிக்க வேண்டும், அதற்கும் டொலர். 2022இல் 200 ரூபாயில் இருந்த டொலர் சில மாதங்களில் 360க்குப் போனபோது என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2014இல் தேர்தலுக்கு முன்பு கட்டணத்தைக் குறைத்தார்கள், அதற்குப் பிறகு 2022 ஓகஸ்ட் வரை யாரும் கை வைக்கவில்லை, செலவு மட்டும் ஏறிக்கொண்டு போனது. பிறகு ஒரே அடியாகச் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்து, ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: கூரையில் சோலார் போட்டால் கரண்ட் போகிற நேரமும் லைற் எரியும்தானே? (வாசகர், கரவெட்டி)

பதில்: பற்றரி இல்லாவிட்டால் எரியாது. லைனில் கரண்ட் நின்றவுடன், சோலார் மின்சாரத்தை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற உங்கள் இன்வேற்றரும் நிற்கும், இல்லாவிட்டால் உங்கள் கரண்ட் லைனுக்குள் போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரின் உயிருக்கு ஆபத்து. விற்க வருகிறவர்கள் இதை மெதுவாகத்தான் சொல்வார்கள். சோலார் மின்சாரத்தை வாங்குவதற்குப் புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கொடுக்கிற விலையும் 2025இல் குறைந்துவிட்டது, பழைய கணக்கைக் காட்டினால் ஏமாறாதீர்கள்.

கேள்வி: இரவு பத்தரைக்குப் பிறகு மோட்டர் போட்டால் யூனிற் மலிவாமே? (வாசகி, மானிப்பாய்)

பதில்: நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற திட்டம் ஒன்று இருக்கிறது, அது மூன்று பேஸ் இணைப்பு வைத்திருந்து கேட்டு எடுத்தவர்களுக்கு. உங்கள் வீட்டுச் சாதாரண மீற்றருக்குப் பகலும் ஒன்று, இரவும் ஒன்று. பத்தரைக்கு மோட்டர் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் நித்திரைதான் கெடும்.