பாதுகாப்பு விளையாட்டுப் பயிற்சியை வைத்து ஒரு நாயின் சுபாவத்தை மதிப்பிட முடியுமா?

முடியும், ஆனால் மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முடியாது. 2019 வரை ஐ.பி.ஓ. எனப்பட்ட ஐ.ஜி.பி. என்ற பணிநாய்களுக்கான சர்வதேசப் போட்டியில் தடம் பற்றுதல், கீழ்ப்படிதல், பாதுகாப்பு ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா 100 மதிப்பெண் உண்டு. பழகிய மைதானத்தில், பழகிய ஹெல்பரிடம் (தாக்குபவராக நடித்து நாயைச் சோதிப்பவர்), நன்றாகப் பயிற்றுவிக்கப்பட்ட நாய் வாங்கும் மதிப்பெண்ணில் பயிற்சியாளரின் திறமையும் பெரும்பங்கு கலந்திருக்கிறது. ஜெர்மன் ஷெப்பர்டுகளில் இனப்பெருக்கத்துக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுப்பதற்காகத் தோன்றிய சோதனை இது என்பதால், பயிற்சியால் எளிதில் மறைக்க முடியாதவற்றையே நான் கவனிக்கிறேன்.

முதலாவது, கடி. ஹெல்பர் கோலை ஓங்கியபடி நாயின் மேல் கவிந்து அதைத் தள்ளிக்கொண்டு போகும்போது, திடமான நாய் ஸ்லீவை, அதாவது ஹெல்பர் கையில் அணியும் தடித்த காப்புறையை, வாய் நிறையப் பற்றி அமைதியாக இருக்கும். உள்ளுக்குள் அஞ்சும் நாயின் பிடி முன்பற்களுக்கு நழுவும், அது மாற்றி மாற்றிக் கடிக்கும், சில சமயம் உறுமும். உறுமலைக் கேட்டு வீரம் என்று மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில் அது பெரும்பாலும் நெருக்கடியின் ஒலிதான்.

இரண்டாவது, 'விடு' என்ற கட்டளைக்குப் பின்வரும் காவல் நிலை, அதாவது பிடியை விட்ட நாய் ஹெல்பரைக் கண்காணித்து நிற்கும் கட்டம். நாயின் கண் ஸ்லீவில் இருக்கிறதா, ஹெல்பர் மீது இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீவை மட்டும் பார்க்கும் நாய் இரையைத் துரத்தும் வேட்கையில் சிறந்ததாக இருக்கலாம், அது குறையும் அல்ல. ஆனால் அதைத் துணிச்சல் என்று எழுதிவிடக் கூடாது. துணிச்சலை அறிய, அந்த நாய் இதுவரை காணாத மைதானத்தில், அறியாத ஹெல்பர் தொலைவிலிருந்து மிரட்டிக்கொண்டு எதிரே ஓடிவரும்போது அதன் வேகம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும்.

திடுக்கிடுவதை நான் குற்றமாகக் கொள்வதில்லை. திடுக்கிட்ட பின் எவ்வளவு விரைவில் தன்னிலைக்குத் திரும்பி வேலையைத் தொடர்கிறது என்பதே அதன் நரம்புறுதியைக் காட்டுகிறது. வளர்ந்து முதிராத குட்டியிடம் இந்த அழுத்தத்தைச் சோதிப்பது அதைக் கெடுத்துவிடும் என்பதால், அதற்கு நான் ஒருபோதும் உடன்படமாட்டேன்.

இவற்றோடு, மைதானத்துக்கு வெளியே மிதிவண்டிகளுக்கும் கூட்டத்துக்கும் நடுவே அதே நாய் இயல்பாக நடக்கிறதா என்பதையும் பாருங்கள். ஐ.ஜி.பி.க்கு முன் தேற வேண்டிய பி.எச். என்ற துணைநாய்த் தேர்வு இதையும் கேட்கிறது. அங்கே பதறும் நாயைக் கடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இனப்பெருக்கத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.